இழுவைப்பெட்டிகளின் பழுதுகள் ஏட்டில் ஏறவேண்டும்: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் வாகனப் போக்குவரத்து ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தலைவர் அவர்களுக்கும்;
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட அரசாங்க அதிபர்களின் கவனத்துக்கும்.

பெருமதிப்புக்குரியீர்,

உழவு இயந்திரங்களின் பின்னால் கொழுவி ஓடும் இழுவைப்பெட்டிகளில் உள்ள பாதுகாப்புக் குறைபாடுகளைப் பற்றியும், அந்தக் குறைபாடுகளை உரிமையாளர்கள் முறையிட்டால் அவை ஓரிடத்தில் சேர்ந்து ஆராயப்படுவதற்கு வழியில்லாதிருப்பதைப் பற்றியும் உங்கள் இரு நிறுவனங்களுக்கும் ஒருசேர இம்மடலை எழுதுகிறேன். நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நெற்செய்கை பண்ணுபவன். ஓர் உழவு இயந்திரமும் ஒரு பெட்டியும் என்னிடம் உண்டு. என் வயலுக்குப் போக மிகுதி நேரத்தில் அவை வாடகைக்கும் ஓடுகின்றன. இங்கு நான் எழுதுபவை என் பெட்டியில் கண்டவையும், எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், அருகருகே வேலை செய்யும் மற்றவர்களின் பெட்டிகளில் கண்டவையும் ஆகும்.

தை பிறந்து வேளாண்மை வெட்டுத் தொடங்கியதும் வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு, கிரான் பக்கத்து வட்டைகளிலும், தெற்கே சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில் பக்கத்து வட்டைகளிலும் விளைந்த நெல் முதலில் ஏறுவது பெட்டியில்தான். லொறி நிற்கக்கூடிய தார்வீதிக்கோ, ஆலைக்கோ, வீட்டு முற்றத்துக்கோ அதைக் கொண்டுவந்து சேர்ப்பது பெட்டி. பசளையும் விதைநெல்லும் வயலுக்குப் போவதும், மணலும் விறகும் ஊருக்கு வருவதும் அதிலேதான். மண்முனைப் பாலம் 2014 ஆம் ஆண்டு திறக்கப்பட்டதன் பின்னர், வயற்பாதைகளிலேயே பெரும்பாலும் திரிந்த பெட்டிகள் வாவியைக் கடந்து எழுவான்கரையின் பிரதான வீதிகளில் மோட்டார் சைக்கிள்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே முன்னரிலும் அதிகமாக ஓடுகின்றன. நல்ல வீதியும் நல்ல பாலமும் வந்தன. அவற்றின்மேல் ஓடும் பெட்டி மட்டும் களத்துமேட்டுக்குச் செய்த அதே பெட்டியாகவே இருக்கிறது.

பெட்டி சாமான் ஏற்றுவதற்கு உரியது, ஆட்களை ஏற்றுவதற்கு அல்ல என்று நீங்கள் சொல்லக்கூடும். அது சரியே. ஆயினும் நாற்று நடவும் களை பிடுங்கவும் போகும் பெண்கள் விடியற்காலையில் வேறு எதில் வயலுக்குப் போகிறார்கள் என்பதையும், ஆடி மாதத்தில் உகந்தைமலை முருகன் திருவிழாவுக்குப் பல குடும்பங்கள் எப்படிப் போகின்றன என்பதையும் இந்த மாவட்டங்களில் கடமையாற்றிய எந்த அலுவலரும் அறிவார். தறப்பாள் கட்டி, பாய் விரித்து, அரிசியும் சட்டிபானையும் அடுப்பும் ஏற்றி, குழந்தைகளையும் கிழவிகளையும் உள்ளே இருத்திக்கொண்டு போகும் அந்தப் பெட்டி சில நாட்களுக்கு அவர்களின் வீடாகவே இருக்கிறது. வெள்ளக் காலத்தில், வேறெந்த வாகனமும் போகாத வீதியிலும் உழவு இயந்திரம் போகும் என்ற நம்பிக்கையில் மக்கள் அதில் ஏறுகிறார்கள். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு, மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரசா மாணவர்கள் உயிரிழந்த துயரத்தை இந்தப் பிரதேசம் மறக்கவில்லை. அந்த உயிர்களை வெள்ளமே கொண்டுபோனது. பெட்டியின் பழுது அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வேறு வழியில்லாத வேளையில் எங்கள் பிள்ளைகள் ஏறும் வாகனம் இதுவே என்பதற்காகத்தான் அதை இங்கு குறிப்பிடுகிறேன்.

இனி என் பெட்டிக்கு வருகிறேன். அது இந்த மாவட்டத்துப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்வித்தது. முதல் வெட்டுக் காலத்திலேயே, பெட்டியை இயந்திரத்தோடு இணைக்கும் முன்தண்டு பெட்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் மூலையில், பச்சை வர்ணத்தின் மேல் மயிரிழை அளவில் ஒரு செம்பழுப்புக் கோடு தெரிந்தது. துணியால் துடைத்தேன். மறுநாள் பனியில் நனைந்திருந்த பெட்டியில் அதே இடத்தில் அதே கோடு மறுபடி கசிந்திருந்தது. வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தபோதுதான், வெல்டிங் வைத்து ஒட்டிய இரும்பு உருகி உள்ளே இறங்காமல் மேலே மெழுகுபோல் படிந்திருந்ததும், அதன் ஓரத்தால் வெடிப்பு ஒரு விரல் நீளத்துக்கு ஓடியிருந்ததும் தெரிந்தன. அந்த மூலை நெல் மூடைகளின் முழுப் பாரத்தையும் குழிக்குக் குழி அசைத்து இழுக்கும் மூலை. அது விட்டுப்போனால், இயந்திரம் ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமுமாகப் பிரியும். பிரிந்த பெட்டியை நிறுத்துவதற்கு எதுவுமே இல்லை.

பட்டறையில் எனக்குக் கிடைத்த பதில், பாரத்தைக் கூட ஏற்றிவிட்டீர்கள் என்பதே. எவ்வளவு ஏற்றலாம் என்று பெட்டியின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. பணம் கட்டிய பற்றுச்சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு மூடை 65 கிலோ என்று வைத்துக்கொண்டாலே 60 மூடைக்கு 3900 கிலோ, அதாவது நான்கு தொன்னுக்குச் சற்றுக் குறைவு, ஆகிறது. மழையில் நனைந்த நெல்லானால் இன்னும் கூடும். அந்தப் பாரத்துக்கு அச்சு தாங்குமா, வில்தகடு தாங்குமா, டயர் தாங்குமா என்று சொல்லவேண்டியவர் செய்து விற்றவர். எல்லை எது என்று சொல்லாமல் விற்றுவிட்டு, எல்லையை மீறினீர்கள் என்று வாங்கியவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. முடிவில் என் செலவிலேயே வேறொரு பட்டறையில் தகடு வைத்து ஒட்டினேன். தகடு வைத்து ஒட்டுவதும் முழுத் தீர்வன்று என்பதை எங்கள் பக்கத்து ஒட்டு வேலைக்காரர்களே சொல்வார்கள்: தகடு மூடிய இடம் விறைத்து நிற்க, அசைவு முழுவதும் தகடு முடியும் ஓரத்துக்கு நகர்ந்து, அடுத்த வெடிப்பு அங்கே தொடங்கும். முன்தண்டின் குறுக்கே ஒட்டு ஓடக்கூடாது, கூடியவரை நீளவாக்கில்தான் ஓடவேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் குறுக்கே ஒட்டி வர்ணம் பூசிய பெட்டிகளை எங்கள் வட்டையில் யாரும் வந்து பார்க்கலாம்.

இணைப்பாணியின் நிலையும் இதேதான். இயந்திரத்தின் கொழுவியையும் முன்தண்டின் கண்ணையும் கோத்து நிற்கும் அந்த ஒற்றை ஆணிதான் பெட்டி முழுவதையும் பிடித்து வைத்திருக்கிறது. அது மேலே எழும்பாதிருக்க ஒரு பூட்டுக் கம்பி இருக்கவேண்டும். ஆணியே முறிந்தாலும் பெட்டி விலகிப் போகாதிருக்க ஒரு சங்கிலி இருக்கவேண்டும். புதிதாக விற்கப்படும் பெட்டிகளிலேயே சங்கிலி மாட்டுவதற்கு ஒரு வளையம்கூட இல்லாதவற்றைக் கண்டிருக்கிறேன். பாரம் பின்பக்கம் கூடினால் முன்தண்டு மேல்நோக்கி எழ முயல்கிறது. அப்போது தேய்ந்த ஆணியும் சேர்ந்து மேலேறும். முன்பக்கம் கூடினால் இயந்திரத்தின் பின்புறம் அமுங்கி, முன்சில்லுகள் நிலத்தில் பிடிப்பை இழந்து, சாரதி எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கேட்பதில்லை. இவற்றில் எதுவும் புதிய செய்தியன்று. ஆனால் பாரத்தை எங்கே வைக்கவேண்டும் என்று கோடு கீறி விற்ற ஒரு பெட்டியையும் நான் கண்டதில்லை.

இருசில்லு உழவு இயந்திரத்தை, நாங்கள் லாண்ட்மாஸ்டர் என்று சொல்வதை, தனியே எடுத்துப் பேசவேண்டும். ஆபத்து அதிலேதான் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. சமதரையில் அதைத் திருப்புவதற்கு, திரும்பவேண்டிய பக்கத்துக் கைப்பிடியில் உள்ள நெம்பை அழுத்துகிறோம். அந்தப் பக்கச் சில்லுக்கு இயந்திரத்தின் விசை அறுபட, மற்றச் சில்லு சுற்றிவந்து வாகனத்தை அப்பக்கம் திருப்புகிறது. குளக்கட்டில் இருந்தோ பாலத்தடியில் இருந்தோ சரிவில் இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. பின்னால் பாரம் ஏறிய பெட்டி தள்ள, இயந்திரம்தான் சில்லுகளை உருளவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அந்த வேளையில் இடப்பக்க நெம்பை அழுத்தினால் இடச்சில்லு விடுபட்டு வேகமாக உருண்டு, வாகனம் வலப்பக்கம் திரும்பிவிடும். பழகியவர்கள் இதை அறிந்து, சரிவில் நெம்பைத் தொடாமல், பெட்டியின் பிரேக்கை மிதித்து இறங்குவார்கள். ஆகவே அந்தச் சரிவில் சாரதியின் உயிரையும் எதிரே வருபவரின் உயிரையும் காப்பது பெட்டியின் பிரேக் ஒன்றே. அந்தப் பிரேக்கோ, சேறும் தண்ணீரும் புகுந்து, கம்பி இறுகி, மிதித்தால் ஒரு சில்லு பிடிக்கவும் மறு சில்லு ஓடவும், பெட்டியைக் குறுக்கே இழுத்துவிடும் நிலையில் இருப்பது எங்கும் காணக்கூடியது. நாலுசில்லு இயந்திரங்களின் பின்னால் ஓடும் பெட்டிகள் பலவற்றில் பிரேக்கே இல்லை.

டயரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். புதிய பெட்டியை வாங்குபவர்கள் குனிந்து அந்த எண்ணைப் பார்க்கவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவருகிறேன், ஏனெனில் புதிய பெட்டிக்கு லொறியில் இருந்து கழற்றிய பழைய டயர் மாட்டப்படுவது உண்டு. சில்லு நட்டுகள், அவை உட்காரும் இடத்தில் பூசிய வர்ணம் முதல் ஓட்டத்தில் நசுங்கித் தேய்வதால், இறுக்கம் குறைந்து தளரும். முதல் சில ஓட்டங்களின் பின் மீண்டும் இறுக்கவேண்டும் என்பதை விற்கும்போதே சொல்லிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. பின்விளக்கு இல்லாமை பற்றிப் பொலிஸார் அறிவார்கள். மழை வருமுன் நெல்லை ஏற்றவேண்டி இரவிலும் ஓடுகிறோம். விளக்கின் வயர் வயலில் அறுந்துவிடும். சேறு பூசிய பெட்டியின் பின்புறம் இருளோடு இருளாக நிற்கும். வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்காரர் அதைக் காண்பது மிகவும் கிட்ட வந்த பிறகுதான். ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டிகளைப் பின்பலகையிலும் இரு பக்கங்களிலும் ஒட்டாமல் ஒரு புதிய பெட்டியும் பட்டறையை விட்டு வெளியே வரக்கூடாது. வயர் அறுந்தாலும் அந்தப் பட்டி நின்று காட்டும். அதற்கு ஆகும் செலவும் மிகச் சிறியது.

மேலே சொன்ன ஒவ்வொரு பழுதும் இன்று ஒவ்வோர் உரிமையாளரின் தனிப்பட்ட துரதிர்ஷ்டமாகவே கழிந்துவிடுகிறது. ஒரே பட்டறையில், ஒரே அளவு இரும்பில், ஒரே கையால் செய்யப்பட்ட பெட்டிகள் பலவற்றில் ஒரே மூலை வெடித்தாலும், ஒருவர் பழுகாமத்தில் ஒட்டுவிக்கிறார், ஒருவர் செங்கலடியில் ஒட்டுவிக்கிறார், ஒருவர் கல்முனையில் ஒட்டுவிக்கிறார். மூவருக்கும் மற்ற இருவரைத் தெரியாது. ஒட்டும் தொழிலாளிக்கு மட்டும் அது கண்ணில் படும், அவரிடம் யாரும் கேட்பதில்லை. நாலாவது பெட்டி இன்னும் வெடிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உரிமையாளருக்கு எச்சரிக்கை சொல்ல ஒருவரும் இல்லை. எங்கள் பகுதியில் ஒரு பெட்டிக்காரர் போய்ச் சொல்லவும், சொன்னது ஏட்டில் ஏறவும், ஏறியதை யாராவது கூட்டிப் பார்க்கவும் உரிய மேசை ஒன்றை நான் இதுவரை காணவில்லை.

கூட்டிப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு அறியும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் சமையலறைகளில் எரிவாயு வெடிப்புகள் நேர்ந்தபோது, ஒரு வீட்டில் மட்டும் நடந்திருந்தால் அது அந்த வீட்டுக்காரரின் கவனக்குறைவு என்றே முடிந்திருக்கும். பல ஊர்களில் இருந்து முறைப்பாடுகள் அடுத்தடுத்து வெளிவந்ததால்தான் குழு அமைக்கப்பட்டது, வாயுக் கலவையின் விகிதம் கேள்விக்குள்ளானது, சிலிண்டரும் குழாயும் பொருத்திகளும் சோதிக்கப்பட்டன. அடுப்புக்குச் செய்ததை பெட்டிக்கும் செய்யலாம்.

அமெரிக்காவில் காரின் பின்னால் கொழுவிச் செல்லும் பயணப்பெட்டிகள் ஏராளமாக உண்டு. உள்ளே படுக்கையும் அடுப்பும் குளிர்சாதனப்பெட்டியும் இருக்கும். தோற்றத்தில் அதற்கும் எங்கள் பெட்டிக்கும் ஒற்றுமை இல்லை. பழுதுபடும் இடங்களோ பெரும்பாலும் ஒன்றே: அச்சு, வில்தகடு, சில்லு நட்டு, இணைப்பு, பிரேக், விளக்கு. அந்நாட்டின் 1966 ஆம் ஆண்டு மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம், தானாக ஓடும் வாகனத்தை மட்டுமன்றி இழுக்கப்படும் வாகனத்தையும் மோட்டார் வாகனம் என்றே வரையறுத்திருப்பதால், பயணப்பெட்டியும் அதனுள் அடங்குகிறது. உரிமையாளர் எவரும் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்துக்கு முறையிடலாம். முறைப்பாடு பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவில் சேர்கிறது. ஒரே வகையான முறைப்பாடுகள் திரண்டால் நிருவாகம் விசாரணை தொடங்குகிறது. பாதுகாப்புக் குறைபாடு உண்டென்று உற்பத்தியாளர் தீர்மானித்தால் ஐந்து வேலைநாட்களுக்குள் நிருவாகத்துக்கு அறிவிக்கவேண்டும். உரிமையாளர்களுக்குக் கடிதம் மூலம் தெரிவிக்கவேண்டும். இலவசமாகத் திருத்திக் கொடுக்கவேண்டும். எந்தப் பெட்டி எப்போது யாரால் செய்யப்பட்டது என்பதை ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய 17 எழுத்திலக்கங்கள் காட்டிக் கொடுக்கின்றன. எரிவாயுவில் இயங்கும் குளிர்சாதனப்பெட்டிகள் தீப்பற்றும் அபாயம் உள்ளவை என்று கண்டு பெருந்தொகையாகத் திருப்பி அழைக்கப்பட்டதும் அந்த ஒழுங்கின் வழியேதான்.

அங்கு எல்லாம் உடனுக்குடன் நடக்கிறது என்று நான் எண்ணவில்லை. 2005 ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளியில் வீடிழந்தவர்களுக்கு அரசு கொடுத்த பயணப்பெட்டிகளில் இருந்தவர்கள் கண்ணெரிவையும் மூச்சுமுட்டலையும் முறையிட்ட பின்னரும், நோய்க்கட்டுப்பாட்டு மையம் 519 பெட்டிகளிலும் நகரும் வீடுகளிலும் காற்றைச் சோதித்து, பலகைகளில் இருந்து கசியும் போர்மல்டிஹைட் என்ற நச்சு வாயு வழமையான வீடுகளிலும் பார்க்கக் கூடுதலாக உள்ளது என்ற முடிவை வெளியிட 2008 ஆகிவிட்டது. 2004 கடற்கோளின் பின் தற்காலிகக் கொட்டில்களில் வெக்கையோடு காலந்தள்ளிய எங்களுக்கு அந்த மக்களின் நிலை நன்றாகவே விளங்கும். ஆனாலும் அவர்கள் சொன்னது பதிவில் இருந்தது. பதிவில் இருந்ததால் பிந்தியேனும் சோதனை வந்தது.

எங்கள் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு பொருட்களின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் நியமங்களை நிர்ணயிக்க அதிகாரசபைக்கு அதிகாரம் தருகிறது. 13 ஆம் பிரிவு அந்த நியமத்துக்கும் உத்தரவாதத்துக்கும் ஒவ்வாத பொருட்களைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க இடமளிக்கிறது. ஆனால் முறைப்பாடு பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்படவேண்டும். தலைவர் அவர்களே, எங்கள் பயிர்க் காலத்தை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். சிறுபோக நெல்லை விற்றுக் கையில் காசு வரும் ஆவணி, புரட்டாதியில்தான் விவசாயி பெட்டிக்குச் சொல்லி வாங்குகிறார். விதைப்புக் காலத்தில் அது விதைநெல்லும் பசளையும் ஏற்றி இலேசாக ஓடுகிறது. முழுப் பாரம் முதன்முதலாக ஏறுவது தையிலும் மாசியிலும்; வெடிப்பு வெளியே தெரிவதும் அப்போதுதான். அதற்குள் மூன்று மாதம் கடந்துவிடுகிறது. உயிருக்கு ஆபத்தான குறைபாடுகளைப் பொறுத்தவரை இந்தக் கால எல்லையைத் தளர்த்துவதற்குச் சட்டத் திருத்தம் ஒன்றை நீங்கள் முன்மொழியவேண்டும். அதுவரையில், காலம் கடந்த முறைப்பாடுகளையும் தகவலாகவாவது ஏற்றுப் பதிவு செய்யுமாறு மாவட்ட அலுவலகங்களுக்குப் பணிப்புரை அனுப்பவேண்டும். அத்தோடு, பொருட்களுக்குத் தர நியமம் வகுக்கும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் துணையோடு முன்தண்டு, இணைப்பாணி, காவற்சங்கிலி, பிரேக், ஒளிப்பட்டி ஆகியவற்றுக்காவது குறைந்தபட்ச நியமம் ஒன்றை 12 ஆம் பிரிவின் கீழ் வகுக்கவேண்டும்.

ஆணையாளர் நாயகம் அவர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் எளியது. இயந்திரத்துக்கு இருப்பது போலப் பெட்டிக்கும் பதிவிலக்கம் உண்டு. அந்த இலக்கம் யாருடைய பெட்டி என்பதைச் சொல்கிறது. யார் செய்த பெட்டி என்பதைத் தெருவில் நிற்பவருக்குச் சொல்வதில்லை. அடிச்சட்டத்தில் தறையப்பட்ட ஒரு தகடு வேண்டும். செய்தவரின் பெயர், செய்த ஆண்டு, தொடரிலக்கம், வெறும் பெட்டியின் நிறை, ஏற்றக்கூடிய உச்சப் பாரம் ஆகிய ஐந்தும் தமிழிலும் சிங்களத்திலும் அதில் பொறிக்கப்பட்டிருக்கவேண்டும். வர்ணம் பூசினாலும் அழியாத எழுத்தாக இருக்கவேண்டும். அந்தத் தகடு இருந்தால், பாரம் கூட ஏற்றினேன் என்று என்னைச் சொல்பவர் தகட்டைக் காட்டிச் சொல்லலாம். நான் ஏற்றவில்லை என்றால் நானும் அதையே காட்டலாம். விபத்து நடந்த இடத்தில் பொலிஸார் எழுதும் குறிப்பிலும் இயந்திரத்தின் இலக்கத்தோடு இந்தத் தகட்டின் விபரமும், இணைப்பும் ஒட்டும் எந்த நிலையில் இருந்தன என்பதும் சேரவேண்டும். சாரதியின் பிழை என்று எழுதி மூடப்படும் குறிப்புகளுக்குள் இரும்பின் பிழை எத்தனை இருக்கிறது என்பதைக் கண்டறிய வேறு வழியில்லை.

முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு, கமநல சேவை நிலையமே மிகப் பொருத்தமான இடம் என்பது என் கருத்து. கொழும்புக்கு எழுதச் சொன்னால் எங்கள் ஆட்கள் எழுதமாட்டார்கள். பசளை மானியத்துக்கும் வயற்காணிப் பதிவுக்கும் போய்வரும் நிலையத்தில் ஒரு பக்கப் படிவமும் அதை வாங்கி முத்திரை குத்தித் தருவதற்கு ஓர் உத்தியோகத்தரும் இருந்தால் கொடுப்பார்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, அவர் எழுதிக்கொள்ளட்டும். வெடிப்பின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் மாவட்டச் செயலகம் அவற்றைத் தொகுத்து உங்கள் இரு நிறுவனங்களுக்கும் அனுப்பவும், தொகுப்பை மக்கள் பார்வைக்கு வைக்கவும் வேண்டும். ஒரு பட்டறையின் பெட்டிகளில் ஒரே குறைபாடு திரும்பத் திரும்ப வந்தால், மிகுதிப் பெட்டிகளை வாங்கியவர்களுக்கு அறிவிப்பதும் கடினமன்று. போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. தண்ணீர் திறக்கும் திகதியைக் கேட்பதற்காக எல்லா விவசாயிகளும் அதற்கு வருகிறார்கள். இன்ன பட்டறையின் இன்ன ஆண்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள் முன்தண்டின் மூலையைச் சுரண்டிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் கொண்டுவாருங்கள், செய்தவரே இலவசமாகத் திருத்தித் தருவார் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு தடவை வாசித்தால் போதும்.

இந்த மடலைக் காரணமாக வைத்து வீதியில் பெட்டிகளை மறித்துத் தண்டப்பணம் எழுதும் நடவடிக்கை ஒன்று தொடங்குமானால், அது நான் கேட்டதற்கு நேர்மாறானது. தண்டப்பணம் கட்டுபவர் பழுதான பெட்டியை விலைகொடுத்து வாங்கி ஏற்கெனவே நட்டப்பட்டவர். அந்தத் தொகையில் அவர் ஒரு சங்கிலியும் இரண்டு பின்விளக்கும் வாங்கியிருப்பார். பட்டறைகளை மூடவேண்டும் என்பதும் என் விருப்பம் அன்று. வெளியில் இருந்து கொண்டுவரும் பெட்டியை வாங்க எங்களால் முடியாது. எங்கள் வயலின் சேற்றையும் வாய்க்காலின் அகலத்தையும் அறிந்து செய்பவர்கள் எங்களூர்ப் பட்டறைக்காரர்களே, அவர்களில் பலர் நேர்த்தியாகச் செய்கிறார்கள். நேர்த்தியாகச் செய்பவர் தடித்த இரும்புக்கும் நல்ல ஒட்டுக்கும் கூடுதல் விலை சொல்லவேண்டியிருப்பதால், மேலே வர்ணம் மட்டும் பளபளக்கும் மலிந்த பெட்டியிடம் வியாபாரத்தை இழக்கிறார். நியமமும் தகடும் வந்தால் முதலில் பயனடைபவர் அவர்தான். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒட்டு வேலைக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. பட்டறைகளில் ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்கு அந்தப் பயிற்சியை மாலை நேரத்தில் கட்டணமின்றிக் கொடுத்து, சான்றிதழ் பெற்றவர் ஒட்டிய முன்தண்டே விற்பனைக்கு வரலாம் என்று சில ஆண்டு அவகாசத்தோடு அறிவித்தால், எவருடைய பிழைப்பும் கெடாது.

பழைய பெட்டிகளையும் மறந்துவிடக்கூடாது. தகடும் நியமமும் இனிச் செய்யப்படும் பெட்டிகளுக்கே பொருந்தும். ஆனால் அடுத்த பல ஆண்டுகளுக்கு வீதியில் ஓடப்போகும் பெட்டிகளில் பெரும்பான்மை இப்போது ஓடுபவையே. வெட்டுத் தொடங்குமுன், மார்கழியில், கமநல சேவை நிலையத்தின் வளவில் ஒரு நாள் பரிசோதனை வைத்து, முன்தண்டையும் இணைப்பாணியையும் சில்லு நட்டுகளையும் இலவசமாகப் பார்த்துச் சொல்லி, ஒளிப்பட்டி ஒட்டி அனுப்பினால், அந்த ஒரு நாளே பல விபத்துகளைத் தடுக்கும். பழுது கண்டால் பெட்டியைப் பறிமுதல் செய்யமாட்டோம் என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதி தரவேண்டும். இல்லாவிட்டால் நல்ல பெட்டிகள் மட்டுமே அங்கு வரும்.

எதிர்வரும் பெரும்போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் தொடங்குமுன் உங்கள் ஒவ்வொரு நிறுவனத்தில் இருந்தும் ஓர் அலுவலரைப் படுவான்கரைக்கும் சம்மாந்துறைப் பக்கத்துக்கும் அனுப்பிவையுங்கள். எங்கள் வட்டையில் வெடித்து ஒட்டிய பெட்டிகளை வர்ணம் சுரண்டி ஓரிடத்தில் நிறுத்திக் காட்டுவதற்கு அவற்றின் உரிமையாளர்களிடம் நான் பேசுவேன். ஒட்டிய தொழிலாளிகளையும் அழைத்து வருவேன். என் பெட்டி முதலாவதாக நிற்கும். முறைப்பாட்டுப் படிவம் எப்போது நிலையங்களுக்கு வரும், தகட்டைப் பற்றிய தீர்மானம் என்ன, மூன்று மாத எல்லையைப் பற்றி அதிகாரசபையின் நிலைப்பாடு என்ன என்ற மூன்றுக்கும் எழுத்தில், தமிழில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நெற்செய்கையாளரும் பெட்டி உரிமையாளருமான ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.